அண்ணி கேட்ட பத்து மாதம்

ஷோகேசுக்குள் அண்ணி வெறுங்காலோடு நின்றிருந்தார். உதடுகளுக்கு நடுவில் நாலைந்து குண்டூசிகள். எதிரே ஆளுயரப் பொம்மை ஒன்று; அதன் இடுப்பில் அரக்கு நிறப் பட்டுக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே தியாகராய நகர் நடைபாதையில் பத்துப் பதினைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி ஒருமுறைகூட அவர்கள் பக்கம் திரும்பவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் பார்த்தது இது. அந்தக் கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். அண்ணிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் ஓவியப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவர். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சீர் பாத்திரங்களோடு ஒரு தகரப் பெட்டி நிறைய வர்ணக் குழாய்களும் வந்தன. மூன்று வருடம் அந்தப் பெட்டி பரண்மேல் இருந்தது. அம்மா கெட்டவளில்லை. ஆனால் வீட்டில் ஒரு மருமகள் பகலில் உட்கார்ந்து படம் வரைவது என்பது அவள் புத்திக்கு எட்டாத காரியம். அண்ணனோ எதற்கும் "பார்க்கலாம்" என்று சொல்கிறவன்.

எங்கள் முதலாளி நெல்லைப் பக்கத்துக்காரர். தீபாவளிக்கு ஷோகேசை அலங்கரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் அண்ணி செய்வார் என்று நான் சொல்லிவைத்தேன். இரண்டு மாதத்துக்கு அவர் சொன்ன சம்பளம், அண்ணன் ஆபீசில் அரை வருடம் உழைத்து வாங்குவது. அன்று சாயங்காலம் அண்ணி அடுப்படியில் அம்மாவிடம் பேசினதை நான் கூடத்திலிருந்து கேட்டேன்.

"ரெண்டு மாசம் என்ன வேலை வேணும்னாலும் செய்யறேன் அத்தை. மிச்சம் பத்து மாசம் காலையில என்னை விட்டுடுங்க. நான் வரையணும்."

அம்மா சரி என்றாள். சம்பளத்தைக் கேட்டபிறகு அண்ணனும் சரி என்றான்.

முதல் வருடம் சொன்னபடியே நடந்தது. தீபாவளி முடிந்து மழையும் விட்டதும் அண்ணி விடியற்காலையில் பஸ் மாறி அடையாறு போய், அங்கிருந்து நடந்து ஊரூர் குப்பத்துக்குப் போக ஆரம்பித்தார். கட்டுமரங்கள் கரையேறும் நேரத்தில் மணலில் உட்கார்ந்து, மீன் பிரிக்கும் பெண்களைக் கோட்டோவியமாக வரைவார். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிச் சமையலைப் பார்ப்பார். பிறகு பின்அறையில், எட்டடி நீளக் கித்தானில் அதைப் பெரிய படமாக எழுதுவார். அது நான் படுக்கும் அறை. கித்தான் வந்ததும் என் பாயை வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டேன். வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை வீடு முழுக்க இருந்தது. அம்மா முனகினாள், அவ்வளவுதான். படத்தின் நடுவில் ஒரு மீன்காரம்மா. நாற்பது வயதிருக்கும், அகலமான முகம், முன்னால் கூடை நிறைய மீன். அந்த அம்மாள் அண்ணிக்காகத் தினமும் வியாபாரத்துக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாராம். அந்த மாதங்களில் அண்ணி பாத்திரம் துலக்கும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருடம்தான் எல்லாம் கெட்டது. தீபாவளி அலங்காரத்தைப் பார்க்க ஊரே திரண்டதில் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. பொங்கலுக்குப் பத்து நாள் வரச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார். போய்ச் சொன்னேன். பிறகு தை முகூர்த்தம், அதன்பின் பங்குனி. ஒவ்வொரு தடவையும் சேதி கொண்டுபோனவன் நான். ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. அண்ணன் ஸ்கூட்டருக்குப் பதிந்து வைத்திருந்தான். எங்கள் தங்கைக்கு வரன் வந்தது. வேண்டாம் என்று அண்ணி சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கு அவர்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் "உங்களுக்கு இஷ்டமா?" என்று நானும் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் என் அண்ணி என்பதால் கடையில் எனக்குக் கூடியிருந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது.

ஆடித் தள்ளுபடிக்கு நாலு நாள் இருக்கும்போது முதலாளி மறுபடி கூப்பிட்டார். பொம்மைகளுக்குப் பின்னால் தொங்கவிடும் திரையைப் புதிதாக எழுத நேரமே இல்லை. அப்போது நான் வாயைத் திறந்தேன். வீட்டில் ஒரு பெரிய படம் இருக்கிறது என்றேன். முதலாளி நேரே வந்து பார்த்தார். வெகுநேரம் நின்று பார்த்தார். ரசிக்கத் தெரிந்தவர்தான். பிறகு, படம் பிரமாதம், ஆனால் பட்டுப்புடவைக்குப் பின்னால் மீன் வேண்டாம், கூடையில் பூவாகப் போட்டுவிடுங்கள் என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். "ஆடி முடியிற வரைக்கும்தானே அண்ணி, அப்புறம் மாத்திக்கலாம்" என்றேன். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாக் கூடைகளிலும் சாமந்தியும் கனகாம்பரமும் நிறைந்திருந்தன. அந்த ஆடியில் எங்கள் ஷோகேசைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை.

இரண்டாவது வாரம் ஒருநாள் காலை நான் கடை வாசலில் நின்றிருந்தேன். அண்ணி உள்ளே பொம்மைகளுக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள், கூட ஒரு பெண்ணோடு வந்து கண்ணாடி முன்னால் நின்றார். படத்தில் இருந்த அதே முகம். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், தள்ளுபடியில் சேலை எடுக்க வந்திருந்தார். அண்ணி அவரைப் பார்த்துவிட்டு, ஷோகேசின் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"இன்னாம்மா, என் கூடையில பூ கீது? நான் எப்பம்மா பூ வித்தேன்?"

 அந்த அம்மாள் கண்ணாடியை நெருங்கி வந்து படத்தைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "மீனு வரையறது கஸ்டமா இருந்துச்சுன்னா சொல்லிக்கலாமே. இன்னும் நல்ல மீனா பொறுக்கி உன் முன்னால வெச்சிருப்பனே" என்றார்.

சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். நான்தான் அவர்களுக்குப் புடவை எடுத்துப் போட்டேன். 

அன்று மாலை அண்ணி முதலாளியிடம் போய், இனி தீபாவளிக்கு மட்டும்தான் வர முடியும் என்றார். அவர் கோபிக்கவில்லை.

"அது எனக்குத் தோதுப்படாதும்மா. எனக்கு வருசம் பூரா ஆளு வேணும்" என்றார்.

அடுத்த தீபாவளிக்கு வேறொருவர் வந்தார். படத்துக்கும் சேர்த்து முதலாளி பணம் கொடுத்திருந்ததால் அது கடையோடு போயிற்று. தங்கை கல்யாணம் நெருங்கியது, கையில் வருமானம் இல்லை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அண்ணி டிராயிங் டீச்சராகச் சேர்ந்தார். பத்து மாதம் பள்ளிக்கூடம், இரண்டு மாதம் கோடை விடுமுறை. அந்த விடுமுறைகளில் சிறிய படங்கள் சில வரைந்தார். செம்பருத்தி, மாடிப்படி, தூங்கும் பூனை. குப்பத்துக்கு அவர் மறுபடி போகவே இல்லை. எனக்குத் தெரிந்து எட்டடிக் கித்தானும் வாங்கவில்லை.

போன மாதம் அடையாறில் அவர் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணிக்கு எண்பதை நெருங்குகிறது. நல்ல நினைவோடு இருக்கிறார். இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அன்று அந்தப் படத்தைப் பற்றி முதலாளியிடம் சொன்னதும், பூப் போடத் தூண்டியதும் நான்தான், என்மேல் கோபமில்லையா என்றேன்.

"உங்க மேல எதுக்குத் தம்பி கோபம்? பிரஷ் என் கையிலதானே இருந்துச்சு" என்றார்.

காபி கொண்டுவரச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார். பிறகு என் முட்டி வலியைப் பற்றி விசாரித்தார்.  இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்தப் பழியில் ஒரு பங்கைக்கூட எனக்குத் தர அவருக்கு மனசு வரவில்லை.