இந்தி அம்மா

டைரக்டர் ‘கட்’ சொன்ன பிறகும் அந்த நடிகை என்னை மடியிலிருந்து இறக்கிவிடவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. டிராலி தள்ளுகிறவர் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார். அப்போதும் அவர் முகம் என் தோளில்தான் புதைந்திருந்தது. எனக்கு ஆறு வயது. அந்தப் படத்தில் நான் அவர் பெற்ற பிள்ளை. அந்த அணைப்பு நடிப்பா, நிஜமா என்று தெரியாமலேயே வளர்ந்தேன் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், என் வீட்டிலும் சிரித்தார்கள்.

அந்தக் காலத்தில் வடபழனி ஸ்டூடியோக்களில் இந்திப் படங்களும் எடுப்பார்கள். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இருந்த புரொடக்‌ஷன் மானேஜர், கொழுகொழுவென்று இருக்கிறான் என்று என்னைப் பிடித்துக்கொண்டு போனார். எனக்கு இந்தி தெரியாது. “ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அழுதுகிட்டே சொல்லு, போதும்” என்றார்கள். படத்தில் நான் தாயைப் பிரிகிற காட்சியே வெறும் ஏழு வரைக்கும் எண்ணியதுதான். பம்பாயில் யாரோ அதற்குக் குரல் கொடுத்தார்கள். டைரக்டர் இன்னொரு சட்டமும் போட்டார்: செட்டுக்குள் நான் அவரைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும், பெற்றவளைக் கூப்பிடக் கூடாது. என் அம்மா டிபன் கேரியரோடு பெரிய ஃபேன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். “நடிக்கிறது அவங்க வேல. முடிஞ்சதும் எம்புள்ளைய எங்கிட்ட குடுத்துடணும்” என்று மானேஜரிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

அவர் வங்காளி. பதினாறு வயதிலேயே கல்கத்தாவில் கதாநாயகி ஆனவர். பம்பாய்க்குப் போனபோது இந்தியில் வங்காள வாடை அடிக்கிறது என்று ஒதுக்கினார்களாம். சில வருடம் பிடிவாதமாகப் பேசிப் பழகி அவர்கள் வாயை அடைத்தார். ஆனால் முப்பதைத் தாண்டியதுமே இந்தி சினிமா அவர் தலையில் நரையைப் பூசிவிட்டது. அவரோடு டூயட் பாடிய கதாநாயகன் அடுத்த வருடமே அவருக்கு மகனாக வந்து நின்றான். வங்காளப் படங்கள் மட்டும் அவரை மனுஷியாக வைத்திருந்தன. அங்கே அவர் டீச்சராக, கைவிடப்பட்ட மனைவியாக, கோபக்காரப் பெண்ணாகக் குறைந்த சம்பளத்துக்கு நடித்துவிட்டு வருவார். கடைசியில் சீரியல்களில் மாமியார் வரைக்கும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் தொடங்கி, நண்பன் வீட்டு வீடியோ டெக், பிறகு கைப்பேசி என்று நான் அவர் பின்னாலேயே அலைந்தேன். கணக்கில் ஃபெயிலானால், “போ, உன் இந்தி அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிக்கோ” என்பாள் அம்மா. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அவர் முகத்தைத் திரையில் பார்த்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிடுவேன்.

போன வருடம் பெருங்குடியில் என் ஆபீஸில் வேலை செய்யும் வங்காளிப் பெண் ஒருத்தி, அவர் சிகிச்சைக்காக அடையாறில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். அது அவர் அண்ணன் மகள் வீடு. அனுமதி கேட்டுப் போனேன். நாற்காலியில் ஒரு கைப்பிடி உடம்பாக இருந்தார். “வா கண்ணு, குந்து” என்றார். அந்த நாளில் அவருக்குத் தலை வாரிவிட்ட வடபழனிப் பெண் கற்றுக்கொடுத்த தமிழ். படத்தின் பெயரைச் சொன்னேன், நான்தான் அந்தப் பிள்ளை என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

“எத்தினி புள்ளைங்க கண்ணு… மூஞ்சி ஞாபகத்துல இல்ல.”

மனசு விழுந்துவிட்டது. இருந்தாலும் அந்த அணைப்பைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். “அப்போ ராத்திரி பகலா ஷூட்டிங். உன் தோள்ல தூங்கிப் போயிருப்பேன்.”

நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்வது? கிளம்பலாம் என்று எழுந்தபோது அவர் கேட்டார்: “ஆமா, உங்கம்மா எங்க? ஃபேன் பக்கத்துல கேரியரோட குந்திகினு இருப்பாங்களே. கூட்டிகினு வரல?”

அம்மா போய்விட்டாள் என்றேன். அவர் என் கையைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார்.

“எனக்குப் புள்ள இல்ல. அம்மான்னா எப்டி நிக்கணும், எப்டி பாக்கணும், ஒண்ணும் தெரியாது. அதான் உங்கம்மாவயே பாத்துகினு இருந்தேன். நீ வேர்த்துப் போய் ஓடியாருவே. மூஞ்சிய தொடச்சு அனுப்பிட்டு, யாரும் பாக்காதப்போ அந்த முந்தானைய மோந்து பாப்பாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டேன். ஜுரம் வந்தா வேர்வ வாசன மாறும்னாங்க. அத வச்சுத்தான் கண்ணு இத்தினி வருசம் சோறு துன்னேன்.”

அவர் படங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மகனின் முகத்தைத் துடைப்பார். அவன் திரும்பியதும் முந்தானையை மூக்கருகே கொண்டுபோவார். இந்தியிலும் வங்காளத்திலும் தியேட்டர்களை அழவைத்த இடம் அதுதான். என் வழுக்கைத் தலையைத் துடைத்துவிட்டுக்கூட என் அம்மா அதைச் செய்திருக்கிறாள். தினமும் நடப்பது யார் கண்ணில் படுகிறது? ஒருமுறை டிவியில் அந்தக் காட்சி வந்தபோது, “யார்கிட்ட கத்துக்கிட்டாளோ, நல்லாத்தான் பண்றா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தெரிந்துதான் சொன்னாளா என்று இனி யாரிடம் கேட்பேன்?

அசைகிற படம் ஒன்றில்கூட அம்மா இல்லை. இருக்கிற போட்டோக்களில் எல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கிறாள். அதனால் ஆபீஸ் விட்டு வந்ததும் பழைய வங்காளப் படங்களைத் தேடிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பாஷை ஒரு வார்த்தை புரியாது. ஒருநாள் அப்படி ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடையாறில் கேட்டதை நான் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்ற பயம். திரையில் மகன் ஏறிய ரயில் கிளம்பியது. அவர் யாரையும் பார்க்காமல் முந்தானையை எடுத்து முகர்ந்தார்.

மனைவியின் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏங்க… அத்தை” என்றாள்.