சசிகலாவின் லேப்டாப்பும் இரண்டு தாய்மாமன்களும்

குரும்பலூர் அரியமுத்து சவுண்டு சர்வீஸைத் தெரியாதவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. தெரிந்தவர்கள் எல்லாரும் நல்லவிதமாகச் சொல்வார்களா என்பது வேறு விஷயம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் பந்தியில் ரசம் சோறு வந்துவிடும். கேசட்டைத் தேடி, சட்டையில் துடைத்து, டெக்கில் போட்டு, முன்னும் பின்னும் சுற்றி அரியமுத்து வேண்டிய பாட்டைப் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும். ஒயர் இழுப்பதிலும் குழாய் ஸ்பீக்கரை மர உச்சியில் கட்டுவதிலும் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பாட்டுப் போடத்தான் பாவம், கை வராது.

அது அவன் மனைவி சசிகலாவுக்கு வரும். அவள் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் யாரோ பாட்டுக் கலக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார்கள். திறந்தால் திரையில் இரண்டு இசைத்தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் சுற்றும். ஒன்றில் பாட்டு ஓடும்போதே அடுத்ததைத் தயாராக வைத்து, நடுவில் உள்ள பட்டையை நகர்த்தினால் ஒன்று இறங்க மற்றது ஏறும். அதைக் கண்ட அன்று மதியம் அவள் சாப்பிடவே மறந்துபோனாள்.

வீட்டுக்கு வந்து பேச்செடுத்தாள். "என்னங்க, பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கிடுவோம். பாட்டுப் போடறதுக்குப் புதுசு எதுக்கு?"

"வாங்கி? எனக்கு அதுல மூடியத் தெறக்கவே தெரியாது."

"நான் ஓட்டுறேன்."

"நீயா? விசேஷ வூட்ல செட்டுக்கிட்ட வந்து ஒக்காரப் போறியா?"

"ஏன், நான் ஒக்காந்தா பாட்டு வராதா?"

அந்தப் பக்கம் செட்டுக்கு முன்னால் பெண்கள் உட்காருவது வழக்கமில்லை, அவ்வளவுதான். அரியமுத்து மூன்று நாள் யோசித்து ஒரு முடிவு சொன்னான். "ரெண்டு டெக்கையும் குடுத்துட்டு வாங்குவோம். மொத விசேஷத்துலயே சொதப்புச்சுன்னா லேப்டாப்ப வித்துட்டுப் பழையபடி டெக்கு வாங்கிருவேன். நீ சென்டரோட இருந்துக்க." சசிகலா சரி என்றாள்.

திருச்சியில் பழைய லேப்டாப் விற்கிறவரிடம் இருவரும் போனார்கள். அவர் பளபளப்பாக ஒன்றை நீட்டினார். சசிகலா அதைத் தொடவில்லை. மூலையில் கிடந்த, கறுத்துத் தடித்த ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பார்த்தாள். கொண்டுபோன சிடியிலிருந்து சாஃப்ட்வேரை ஏற்றி இரண்டு பாட்டை மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் ஓடவிட்டாள். கடைக்காரர் கொட்டாவி விட்டார்.

"பேட்டரி போயிருச்சும்மா, ஒயர் சொருகினாத்தான் ஓடும். அத மொதல்லயே சொல்லிடறேன்."

"எங்ககிட்ட ஒயருக்கா பஞ்சம்?" என்றான் அரியமுத்து. அன்றைக்கு அவன் பேசிய உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

முதல் விசேஷம் உடையார்பாளையம் பக்கத்தில், கண்ணையன் வீட்டுக் காதணி விழா. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு தாய்மாமன்கள். சீர்த்தட்டுகளோடு தாய்மாமன் பந்தலில் கால் வைக்கும்போது சரியாகப் பாட்டு ஒலிக்க வேண்டும். பிந்தினால் அவமரியாதை. அவமரியாதை என்றால் தாய்மாமன் அப்படியே திரும்பிப் போய்விடுவார், பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்த மடி கிடைக்காது.

புறப்படும்போது அரியமுத்து வெட்கத்தோடு ஒரு பொட்டலத்தை நீட்டினான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து மைக் வரை அவனிடம் எல்லாவற்றுக்கும் சிவப்பு வெல்வெட் உறை உண்டு. லேப்டாப்புக்கும் டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்திருந்தான். அடியும் பக்கமும் இறுக்கிப் பிடித்த உறை, சுற்றிலும் தங்க ஜரிகை. அவ்வளவு தயங்கியவன் கடைசியில் உறை தைத்துக்கொண்டு வந்து நிற்கிறானே என்று அவளுக்கு மனசு நிறைந்துபோனது. அதைப் போட்டே கொண்டுபோனாள், பந்தலிலும் கழற்றாமல் அப்படியே ஓட்டினாள்.

காலையிலிருந்து பாட்டு இடைவெளியே இல்லாமல் ஓடியது. மூத்த மாமன் இராமலிங்கம் பந்தலில் கால் வைத்த நொடியில் பாட்டு கணீரென்று எழுந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். இளையவர் வெள்ளைச்சாமி வாசலுக்கு வரும்போது லேப்டாப் ஒரு முறை திக்கியது. பிறகு அணைந்துபோனது.

மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. அடியில் கை வைத்தால் தோசைக்கல். காற்று போகும் ஓட்டை முழுக்க வெல்வெட் அடைத்திருந்தது!

"என்னங்க, உறைதான். அதால மூச்சு விட முடியல. பத்து நிமிஷம் ஆறணும்."

அரியமுத்துவின் முகம் செத்துப்போனது. ஒயர் வெட்டும் கட்டரை எடுத்து ஜரிகையை அவனே கிழித்தான். வாசலிலிருந்து வெள்ளைச்சாமியின் குரல் வந்தது. "அண்ணனுக்குப் பாட்டு, எனக்கு ஒண்ணுமில்லையா? தட்டெல்லாம் வண்டியில ஏத்துங்கடா!"

டெக்கு இல்லை, கேசட்டு இல்லை. மைக் மட்டும் உயிரோடு இருந்தது. சசிகலா யோசிக்காமல் அதை எடுத்தாள்.

"தாய்மாமன் வெள்ளைச்சாமி அவர்கள், சீர்வரிசையோடு வருகிறார். வழி விடுங்கள்! முதல் தட்டு, மஞ்சள் குங்குமம். இரண்டாவது தட்டு, பட்டுப்பாவாடை. மூன்றாவது, வெள்ளிக் கொலுசு..."

நாலாவது தட்டில் குரல் நிமிர்ந்தது. பெண்கள் தட்டைத் தூக்கிக்காட்டியபடி ஒவ்வொருவராக அவளைக் கடந்து போனார்கள். கடைசியில் மாலை போட்ட ஆட்டுக்கிடாவையும் விடாமல் சொன்னாள். பந்தலில் விசில் பறந்தது. வெள்ளைச்சாமி எம்.எல்.ஏ. மாதிரி கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

தப்பித்தோம் என்று அவள் மூச்சு விடுவதற்குள் இராமலிங்கம் எழுந்து நின்றார்.

"மச்சான், இது ஞாயமா? அவன் ஆட்டுக்கிடாவுக்கு மைக்குல பேரு. நான் கொண்டாந்தது கோழிக்குஞ்சா?"

கண்ணையன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மனிதர் கேட்கவில்லை. மேடையில் வைத்த தட்டையெல்லாம் எடுக்கச் சொன்னார். கிடாவையும் அவிழ்க்கச் சொன்னார். கோபித்துக்கொண்டு ஊருக்குத்தான் கிளம்புகிறார் என்று எல்லாரும் பயந்தார்கள். அவர் ரோடு வரை போனார். அங்கே சொந்தபந்தத்தை வரிசையாக நிறுத்தி, சசிகலாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"அம்மாடி, இப்பச் சொல்லு!"

அதற்குள் லேப்டாப் ஆறியிருந்தது. பாட்டை எழுப்பி, பட்டையைத் தள்ளி, தன் குரலுக்கு அடியில் மெல்ல ஓடவிட்டு, ஐம்பத்தோரு தட்டையும் ஒன்று விடாமல் சொன்னாள். மாமன் இரண்டாம் முறையாகப் பந்தலில் கால் வைத்தார், முதல் முறையைவிடக் கம்பீரமாக. சசிகலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாப்பாடு முடிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த அரியமுத்துவிடம் அரும்பாவூர்க்காரர் ஒருவர் வந்தார். "தை மாசம் எங்க வூட்லயும் காதுகுத்து. நீங்கதான செட்டுக்காரரு?"

"நான் ஒயர் இழுக்குறவங்க. செட்டுக்காரங்க அவங்க. தேதி இருக்கான்னு அவங்களத்தான் கேக்கணும்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் அவளை 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சசிகலா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள், "சொல்லுங்கண்ணே, என்னைக்கு?"