காளிகாட்டில் கட்டிய தூக்கணாங்குருவிக் கூடு

சென்ற டிசம்பரில் நான் கொல்கத்தா போனது ஊர் சுற்ற அல்ல, கூடு கட்டிக்கொள்ள. பவானிபூரில் ஒரு தெருக்கலை விழா. எட்டடி உயரத் தூக்கணாங்குருவிக் கூட்டை உடம்பில் மாட்டிக்கொண்டு நான் ஒரு சந்து நீளத்துக்கு நடக்க வேண்டும். மதுரையிலேயே செய்திருக்கலாம்தான், அதை எந்த ரயில் பெட்டிக்குள் நுழைப்பது? தவிர, வைக்கோலில் உருவம் கட்டுவதென்றால் காளிகாட் சிலைக்காரர்கள்தான். துர்க்கை சிலையில் களிமண்ணுக்கு உள்ளே இருப்பதும் வைக்கோல்தானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம் புதுச்சேரியில், ஒரு மூங்கில் உருவத்தோடு கூட்டத்தின் நடுவில் குப்புற விழுந்தேன். முட்டியில் தையல். அதன்பிறகு எதையும் மாட்டி நடக்கவில்லை. இந்த முறையும் விழுந்தால் உருவம் மாட்டி நடக்கும் தொழிலுக்கே ஒரு கும்பிடு என்று முடிவு செய்திருந்தேன்.

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் சுமார் இருபத்தேழு மணி நேரம். தங்கியது டாக்குரியாவில், தங்கை வீட்டில். அவள் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அங்கிருந்து காளிகாட் மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஷேர் ஆட்டோவில் மாறிப் போனால் முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். சில்லறை இல்லாமல் ஏறினால் ஓட்டுநரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும்.

கூட்டைக் கட்டியவர் துலால் தா. ‘தா’ என்றால் அங்கே அண்ணன். எனக்கு வங்காளம் சுத்தமாக வராது, அவருக்கு இந்தி அரைகுறை. எல்லாம் கை ஜாடையில் ஓடியது. விழாவுக்கு முதல் நாள் மதியம் மாட்டிப் பார்த்தேன். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் கீழே தொங்கும் குழாய்க்குள்தான் என் இரண்டு கால்களும். அது இறுக்கிப் பிடித்ததில் அரையடிக்கு மேல் எட்டு வைக்க முடியவில்லை. கழற்றியதும் குழாயைத் தட்டிக் காட்டி, பதற்றத்தில் தமிழிலேயே “கால், கால்” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, “டீக் ஆச்சே, கால்” என்று சரி சொல்லித் தலையாட்டினார். கத்தியை எடுத்து வைத்தார், பட்டறையைப் பூட்டினார், போய்விட்டார்.

டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தங்கை மகள் இளாவுக்குப் போன் செய்யத் தோன்றியது. கல்லூரியில் படிக்கிறாள், தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்துத் தீர்த்தாள்.

“பெரியம்மா, பாங்ளால கால்னா நாளைக்கு. நீங்கதான் அவர அனுப்பிச்சிருக்கீங்க. காலுக்கு பா-ன்னு சொல்லணும்.”

துலால் தாவின் போன் அணைந்து கிடந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமா வரும்?

காலையில் இளாவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் அதற்குள் வந்து பட்டறையைத் திறந்திருந்தார். போன உயிர் திரும்பியது. நான் இரண்டு தடவை சொன்னதால், அவசரமே இல்லை, நாளைக்கே போதும் என்று எடுத்துக்கொண்டாராம். விஷயம் புரிந்ததும் குழாயின் முன்பக்கத்தைக் கிழித்து, பிரம்பு வளையம் வைத்து அகட்டி, கிழிசல் தெரியாமல் வைக்கோலைத் தொங்கவிட்டார். மதியத்துக்குள் ஆயிற்று.

போகிறவர்களுக்கான விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எனக்குப் பொறுமை இருக்காது. இப்படிப்பட்ட வேலைக்கு டிசம்பர் நல்ல மாதம். பூஜைகள் ஓய்ந்து, சரஸ்வதி பூஜை வேலை சூடுபிடிப்பதற்கு முந்தைய இடைவெளி. கூலி ஒன்பதாயிரம். டாக்சியில் ஏறாது, பவானிபூருக்குக் குட்டி லாரி எழுநூறு ரூபாய். உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள், வைக்கோல் பிடுங்கி எடுத்துவிடும். பாஷை தெரிந்த ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை காத்திராமல் கட்டும்போதே மாட்டி நடந்து பாருங்கள்.

மாலை ஐந்து மணிக்கு நடந்தேன். கூட்டுக்குள்ளிருந்து தெரிந்ததெல்லாம் என் பாதங்களும் முன்னால் ஓர் அடி தரையும்தான். நடுச்சந்தில் ஒரு சாக்கடை மூடி எழும்பி நின்றது. அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்தில் வந்த துலால் தா வைக்கோலில் கை வைத்து, “ஆஸ்தே, ஆஸ்தே” என்றார். மெதுவாக என்று அர்த்தம். அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தாண்டினேன். சந்தும் முடிந்தது, கைதட்டல் கேட்டது.

நான் உடனே கழற்றவில்லை. உள்ளேயே நின்று ஆசை தீர அழுதேன். இளா வெளியிலிருந்து கூட்டைத் தட்டினாள்.

“பெரியம்மா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலடி” என்றேன்.

ஒன்றுமே ஆகவில்லை.