மூன்று தோப்பு வெற்றிலை

கிருஷ்ணகிரியில் வாயில் வேப்பங்குச்சியை வைத்துக்கொண்டே வியாபாரம் பேசுகிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் விடுதி வாசலில் ஆள் நிற்கிறது. குச்சியை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குத் தள்ளிவிட்டு, "நேத்து எங்க பக்கம் வந்தீங்களாமே" என்று ஆரம்பிக்கிறது. நான் பிழைக்கப் போன பினாங்கில் இது நடக்காது. அங்கே ஒரு முதலாளி காலைக் கோப்பியைக் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைக்கிற வரை யாரும் காரியப் பேச்சை எடுக்க மாட்டார்கள். பதினெட்டு வருஷம் அந்த வழக்கத்திலேயே இருந்துவிட்டேன். அதனால் நான் பிறந்த பேரிகைக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும், காலையில் கதவு தட்டினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள அதிகம் வேண்டியதில்லை என்பதும் உண்மைதான்.

இந்தமுறை நான் வந்தது முதலாளியுடன். லிம் என்ற சீனர். பினாங்குப் பேச்சில் முதலாளியைத் தவுக்கே என்போம். புளியைக் கரைத்துப் புட்டியில் அடைத்து விற்கும் சிறிய தொழிற்சாலை வைத்திருக்கிறார். அதில் நான் மூட்டை பார்க்கும் ஆள். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவனுக்கு அது பெரிய வேலை. "உன் ஊர்ப் புளியை மரத்திலேயே பார்த்து வாங்குவோம். காலையில் வேலை, மத்தியானம் ஊர் பார்ப்பது" என்று சொல்லி என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டார். கப்பலில் அவர் தூங்கினார், நான் தூங்கவில்லை. வெயில் தாங்குவாரா, தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, வாங்குகிற புளி அங்கே போய்ப் புழுத்துவிட்டால் அடுத்த கப்பலில் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாரா என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு கவலைப்பட்டேன்.

எங்களுக்குத் தேவை ஒரே ஒரு தோப்பின் காய். முதல் நாள் காலை ஜட்கா வைத்துக்கொண்டு அணை கட்டுகிற பக்கமாகப் போனோம். வழியில் மூன்று தோப்புகள் பார்த்தோம். நஞ்சப்பா என்பவருடையது ஒன்று, வெங்கடப்பாவுடையது ஒன்று, முனியம்மா என்ற அம்மாளுடையது ஒன்று. மூன்று இடத்திலும் "எந்த ஊருங்க?" என்றார்கள். மூன்று இடத்திலும் நான் மார்பை நிமிர்த்தி, "பேரிகைதாங்க, இந்த மண்ணுதான்" என்றேன். மூன்று இடத்திலும் தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டினார்கள். வேண்டாமென்றால் தப்பாக நினைப்பார்களே என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். தவுக்கே பக்கம் யாரும் தட்டை நீட்டவில்லை. எனக்குக் கிடைத்த மரியாதை அது என்று உள்ளூரச் சந்தோஷம் வேறு.

வெற்றிலை விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கதை உண்டு. பினாங்கு போன புதிதில், எங்கள் சந்தில் இருந்த மலாய்க்கார அம்மாள் வீட்டுக்கு ஒரு சாமானைக் கொடுக்கப் போனேன். அவர் பித்தளைத் தட்டில் வெற்றிலை வைத்து என் முன்னால் தள்ளினார். பேரிகையில் வெற்றிலையைத் தொட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். நான் எதற்குச் சம்மதம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. அந்த வீட்டில் கல்யாண வயசில் ஒரு பெண் வேறு இருந்தாள். செருப்பைக் கூட மாட்டாமல் ஓடி வந்துவிட்டேன். மறுநாள் அந்த அம்மாளே செருப்பைக் கொண்டுவந்து கொடுத்து, வந்தவருக்கு வெற்றிலை வைப்பது அங்கே வெறும் உபசாரம் என்று சொல்லிச் சிரித்தார். அதைப் பழக எனக்கு வருஷங்கள் ஆயின. பழகியபோது பழையது கழன்று விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தவர் ஜட்காக்காரர் பாஷா. மத்தியானம் அணை வேலை நடக்கும் இடத்துக்குப் போனோம். நூற்றுக்கணக்கான பெண்கள் தலையில் கல் சுமந்து வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். தவுக்கே தொப்பியைக் கழற்றிவிட்டு வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பாஷா என் காதருகே வந்தார்.

"பெரிய கைதாண்ணா நீங்க. ஒரே நாள்ல மூணு தோப்பையும் முடிச்சிட்டீங்களே!"

"முடிக்கலையே பாய். சும்மா பார்த்தோம்."

"சும்மாவா? மூணு பேரு வெத்தலையும் மென்னீங்களே. வாயப் பாருங்க, கோவப்பழம் கணக்கா கீது. வெலைய சந்தை அன்னிக்குப் பேசிக்குவாங்க. வெத்தலை மென்னா மரம் உங்களுதுதான். நஞ்சப்பா இந்நேரம் சேலத்து வியாபாரிய வரவேணாம்னு சொல்லி அனுப்பிச்சிருப்பாரு."

அதற்குப் பிறகு நான் அணையைப் பார்க்கவில்லை. வாயைக் கொப்பளித்தேன், துண்டால் துடைத்தேன், சிவப்பு போகவில்லை. தவுக்கே திரும்பி, "என்ன சொல்கிறான்?" என்று மலாயில் கேட்டார். வெயிலைப் பற்றி என்றேன். மூன்று தோப்புக் காயை வாங்கினால் அவர் தொழில் தாங்காது. வாங்காவிட்டால் இந்த மூன்று பேரின் காயும் மரத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் காரணம் என் வாய்.

மறுநாள் விடிந்ததும் கதவு தட்டினார்கள். மூன்று பேருமே நின்றார்கள். ஆண்கள் இருவர் வாயிலும் குச்சி. முனியம்மா இடுப்பில் கை.

"ஏம்பா, எங்கிட்டயும் மென்னிருக்கற, இவருகிட்டயும் மென்னிருக்கற. வாயா அது, வெத்தலைத் தோட்டமா?" என்றார் நஞ்சப்பா.

வெங்கடப்பா தெலுங்கில் ஏதோ சொல்லி, பிறகு தமிழுக்கு வந்தார். "பேரிகைக்காரன்னு சொன்னதாலதான் தட்டு நீட்டுனோம். இல்லாட்டி உனக்கு எதுக்கு நீட்டறோம்?"

தவுக்கே கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நேரே உட்கார்ந்து, "மூன்றையும் வாங்க வேண்டும் என்றால் வாங்கத்தான் வேண்டும். கொடுத்த சொல் சொல்தான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அதையும் அப்படியே தமிழில் சொன்னேன்.

முனியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஊரவிட்டுப் போயி எத்தினி வருசம்?"

"பதினெட்டு."

"பேரிகைல வீடு கீதா?"

"இல்லம்மா. அப்பா அம்மா போயாச்சு. பெண்சாதி பிள்ளைங்க எல்லாம் அங்கதான்."

"அப்ப நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. நீ ஊருக்காரனா, வெளியூருக்காரனா? ஊருக்காரன்னா மூணு வெத்தலையும் செல்லும். வெளியூருக்காரன்னா மொற தெரியாம மென்னுட்டான்னு விட்டுறலாம். சேலத்தாளு சந்தை வரைக்கும் இங்கதான் கெடப்பான், கூப்ட்டா வருவான். வாங்கறவரு யாரோ அவரே வந்து ஒரு தோப்பு வெத்தலைய மெல்லட்டும்."

ஆண்கள் இருவரும் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வழி திறந்திருந்தது. ஒரு வார்த்தைதான்.

"வெளியூருங்க" என்றேன்.

"ஆச்சு, விடு" என்றார் நஞ்சப்பா. குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாகக் கப்பல் ஆபீசிலும் காகிதங்களிலும் "ஊர் எது?" என்று கேட்ட எவருக்கும் நான் சொல்லாத பதில் அது. சொன்னவுடன் உடம்பு தக்கையாகிவிட்டது. வெட்கப்படுவதற்கு முன்னால் மூச்சு விட்டேன், அதை ஒளிக்க விரும்பவில்லை.

அன்று தவுக்கே மூன்று தோப்பிலும் காயை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முனியம்மா தோப்பைத் தேர்ந்தெடுத்தார். எல்லோர் முன்னாலும் வெற்றிலையை மென்றார். சுண்ணாம்பு அதிகமாகிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நஞ்சப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். சேலத்து வியாபாரியும் மத்தியானத்துக்குள் வந்து, மற்ற இரண்டு தோப்பையும் பார்த்து வெற்றிலை போட்டான். நான் அணைப் பக்கம் இன்னொருமுறை போய், நிதானமாக, கல் கல்லாக அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். எவ்வளவு பெரிய சுவர்! முதல் நாள் அது அங்கேதான் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் முனியம்மா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அடுப்பில் களி கிண்டும் வாசனை தெருவுக்கே வந்தது. கேழ்வரகுக் களி, கூடவே கொள்ளுச்சாறு. எச்சிலை விழுங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். முனியம்மா என் முன்னால் இலையைப் போட்டு, வெள்ளைவெளேரென்று அரிசிச்சோறு பரிமாறினார்.

"வெளியூருக்காரங்களுக்குக் களி எறங்காது. அதான் உங்களுக்குன்னு தனியா சோறு வடிச்சேன்" என்றார். காலையில் நீ என்றவர் இப்போது நீங்கள் என்றார்.

அந்த வீட்டில் அரிசி தினமும் வேகிற பண்டம் அல்ல என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் தவுக்கே, வெங்கடப்பா தட்டில் இருந்த கறுப்புக் களி உருண்டையைச் சுட்டி, தனக்கும் அதுதான் வேண்டும் என்று கையைக் காட்டினார். கொடுத்தார்கள். மெல்லக் கூடாது, சாற்றில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று நஞ்சப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தவுக்கே ஒரே விழுங்காக விழுங்கினார். "பார்றா, நம்ம ஆளு!" என்று வீடே ஆரவாரம் செய்தது.

நான் சோற்றைப் பிசைந்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.