காலேஜு மரங்கள்

காலை ஆறு இருபதுக்கு எங்கள் ஊரைக் கடக்க வேண்டிய சின்னசேலம் பஸ் அன்று வரவில்லை. அதன் ஹாரன் சத்தம் கேட்டால்தான் அம்மா எங்களை எழுப்புவாள். அன்று எங்களை எழுப்பியது கோடாலிச் சத்தம்.

எனக்கு எட்டு வயது. எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கத்துச் சாலைகளையெல்லாம் மறித்த வருஷம் அது. ஊர் ஊராக மரங்களை வெட்டி ரோட்டில் தள்ளினார்கள். எங்கள் ஊரில் தள்ளியது எங்கள் அப்பாவின் தேக்கு மரங்களை.

அக்கா பிறந்த மாதம் அப்பா கல்வராயன் மலைக்குப் போய், வெள்ளிமலையில் தேக்கங்கன்றுகள் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம். ரோட்டை ஒட்டிய எங்கள் கொல்லையின் வரப்பில் வரிசையாக நட்டார். பெண்ணின் கல்யாணத்துக்கா என்று கேட்டவர்களிடம், இல்லை, காலேஜுக்கு என்றார். பத்தாவது தாண்டிய பெண் ஒருத்திகூட இல்லாத ஊர். சிரித்தார்கள். கோடையில் அவர் குடத்தோடு போனால், "இன்னாப்பா, காலேஜுக்குத் தண்ணி ஊத்தப் போறியா?" என்பார்கள். நாளடைவில் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றது. பஸ் கண்டக்டரே எங்கள் ஊர் வந்தால், "காலேஜெல்லாம் எறங்கு" என்று விசில் கொடுப்பார். கள்ளக்குறிச்சி மரவாடி பாய் அவ்வப்போது வந்து, ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்துப் பருமன் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் படிக்கட்டும்" என்பார்.

கூரை ஒழுகிய வருஷம் அம்மா ஒரே ஒரு மரத்தைக் கேட்டாள். "அது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. பெரிய பாப்பாவுது" என்றார் அப்பா. அந்த மழைக்காலம் முழுக்கச் சட்டிகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கினோம். அக்கா ப்ளஸ் டூ வந்துவிட்டாள். கடலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. படிக்க வேண்டியது. பொங்கல் கழிந்ததும் மரங்களை எடுத்துக்கொள்வதாக பாய் சொல்லியிருந்தார்.

நாங்கள் ஓடிப்போனபோது பாதி மரங்கள் ரோட்டில் கிடந்தன. வெட்டியவர்கள் வேற்றூர்க்காரர்கள் அல்ல. முன்னால் நின்று கோடாலி வீசிக்கொண்டிருந்தவர் என் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி.

"ஊர்ல ஒனக்கு வேற மரமே கெடைக்கலியாடா?"

"வேற எவன் மரத்துல கை வச்சாலும் வெட்டுகுத்தாயிடும்ண்ணே. நீன்னா ஒண்ணும் சொல்லமாட்ட."

எதிர்ப்பக்கம் ரைஸ்மில் முதலாளியின் புளியமரங்கள் ஒரு கிளை ஒடியாமல் நின்றன. இடஒதுக்கீடு கேட்டது நியாயம்தான். எங்கள் பிள்ளைகளுக்குக் காலேஜ் வாசலை மிதிக்க வழியில்லை. அதைக் கேட்கக்கூட ரோட்டில் விழுந்து கிடக்க வைத்தார்களே என்று ஆட்சியில் இருந்தவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் காலேஜ் கேட்டு மறிக்கப் போனவர்களுக்கு, ஊரில் ஒரே ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்த்த காலேஜ்தானா வெட்டக் கிடைத்தது?

அப்பா கோடாலியைப் பிடுங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அக்கா தூங்கி எழுந்த கோலத்திலேயே நின்று, கடைசி மரம் சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறியல் ஓய்ந்தபின் லாரியோடு போலீஸ் வந்தது. கட்டைகளைத் துண்டாக்கி ஓரம் தள்ளினார்கள். அப்பா கைகட்டிப் போய் நின்று, மரம் தன்னுடையது என்றார்.

"எடுத்துக்கினு போ, யார் வேணாங்கறது? வெட்டுனவன் பேர எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கினு போ" என்றார் அதிகாரி.

அப்பா கட்டைகளைப் பார்த்தார். "யாருன்னு தெரிலீங்க."

"ஒன் கொல்லையில வெட்டியிருக்கானுங்க, ஒனக்குத் தெரியாதா? அப்ப நீதான் வெட்டிப் போட்டியா?"

"எங்க காலேஜு சார் அது" என்றேன் நான். அம்மா என் வாயைப் பொத்தினாள். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மரம் என்னுதே இல்லீங்க" என்றார். கட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் சித்தப்பா முந்தின நாளே உளுந்தூர்பேட்டையில் பிடிபட்டு உள்ளே இருந்தார். அப்பா சொன்ன பொய் யாரையும் காப்பாற்றவில்லை.

அக்கா நல்ல மார்க் வாங்கினாள். கடலூரிலிருந்து சேரச் சொல்லிக் கடிதமும் வந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அப்பா. அடுத்த வருஷம் திருநாவலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இடஒதுக்கீட்டு உத்தரவு அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. அவளுக்கு ஒன்பது வயது இளையவளான நான் அந்த இடஒதுக்கீட்டில்தான் சீட்டு வாங்கிப் படித்தேன், வேலைக்கும் போனேன். என் மகள் இப்போது ஒன்பதாவது. அவள் பிறந்ததிலிருந்து அவளுடைய படிப்புக்கென்று பேங்கில் கொஞ்சம், போஸ்ட் ஆபீஸில் கொஞ்சம் என்று போட்டு வருகிறேன். எங்கே எவ்வளவு என்று சொந்தக்காரர்கள் யாரிடமும் மூச்சுவிடுவதில்லை. என் கணவருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மறியல் நடந்த அந்த வருஷத் தீபாவளிக்கு முன்னால் சித்தப்பா ஜெயிலிலிருந்து ஒருவழியாக வந்தார். முகமெல்லாம் தாடி, கையில் ஒரு துணிப்பை. வரப்பில் அடிக்கட்டைகள் துளிர்விட்டு அகல அகலமாக இலை விரித்திருந்தன. அவற்றைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"நம்ம புள்ளைங்களுக்காகத்தாண்ணே செஞ்சோம்."

அப்பா நிமிரவில்லை. அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எந்தப் புள்ளைக்கு சித்தப்பா?" என்று கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற என் தலையில் கை வைத்தார்.

"இதோ, இந்தச் சின்னதுக்கு."

எனக்குத்தான் ஏதோ வாங்கி வந்திருக்கிறார் என்று குதித்துக்கொண்டு போய், அவருடைய பையை எட்டிப் பார்த்தேன்.