வெறும் வயிற்று மாத்திரை

விசிலம்மா தின்று பெருத்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளைப் பார்க்கிற யாரும் இதை நம்புவதில்லை. பதினோரு வருஷமாக ஏழாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர். அவள் ஊதினால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும். அப்படி வந்த பெயர். இரண்டு பக்கச் சீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற வழி. அதில் முன்னும் பின்னும் நடப்பதுதான் அவள் பிழைப்பு. வேறு வேலை அவளுக்குத் தெரியவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

உடம்பு சொல்லிக்கொண்டா வரும்? சட்டைப் பித்தான் இறுகியது. காலையில் முகம் ஊறவைத்த பயறு மாதிரி உப்பிக் கிடந்தது. கொளுத்துகிற வெயிலிலும் குளிரெடுத்தது, தலைமுடி சீப்போடு வந்தது, குரல் கரகரத்தது. ஒருநாள் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி எழுந்து, "உக்காருங்கக்கா, இந்த நேரத்துல நிக்கக் கூடாது" என்று இடம் கொடுத்தாள். பிள்ளை இல்லாதவள் விசிலம்மா. அந்தப் பெண்ணின் மனசு நோகக் கூடாதே என்று இரண்டு நிறுத்தம் வரை வயிற்றில் கைவைத்தபடி உட்கார்ந்து வந்தாள்.

வீட்டில் புருஷன் வாய் திறக்காதவன். அவனுக்கும் சேர்த்து மாமியார் பேசினாள். காற்றைக் குடித்தா உடம்பு வரும், மறைத்துத் தின்கிற வாய்க்கு உடம்பே சாட்சி என்றாள். விசிலம்மா ரோஷக்காரி. காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள், மதியத்தில் பாதியாக்கினாள். பசித்தால் டீ. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்று, திரும்பி வந்தால் ஒன்று, சீனி தூக்கலாக ஒரு நாளைக்கு ஏழெட்டு. சாப்பாடு இறங்க இறங்க எடை ஏறியது.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்திலிருக்கிற தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது என்றாள். அது சுணங்கினால் உடம்பின் அடுப்பே தணிந்துபோகுமாம். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை போடச் சொன்னாள்.

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நடைக்கு முன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டிக்கு எதிரே நின்று சேர்ந்து டீ குடிக்க வேண்டும். குடிக்காமல் எடுத்த வண்டி பாதி வழியில் நிற்கும் என்பார்கள். அந்த டீயின் முதல் மிடறில்தான் மாத்திரையை விழுங்கினாள். ஒருநாள் தவறாமல் நாலு வருஷம்! ரத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று டாக்டரம்மா திட்டினாள். வீட்டில் ஒரு பொய்க்காரப் பட்டம், ஆஸ்பத்திரியில் இன்னொன்று.

அந்த வருஷம் உடல் தகுதி பார்த்த அதிகாரிகள், ஆறு மாதத்தில் பதினைந்து கிலோ குறையாவிட்டால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தோடு டாக்டரம்மாவிடம் ஓடினாள். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது.

"தண்ணியிலதானே போடுறீங்க?"

"டீயில."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "வெறும் வயித்துலன்னு சொன்னேனே?"

"வெறும் வயிறுதான் டாக்டர். டீ மட்டும்தான்."

டீயை யார் சாப்பாடு என்று நினைப்பார்கள்? டீயும் அதிலிருக்கிற பாலும் மாத்திரையை உடம்பில் சேரவிடாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் டிரைவர் நீட்டிய டீயை அவள் வாங்கவில்லை. "ஒரு மிடறாவது குடி தங்கச்சி. வண்டி நின்னா யார் பதில் சொல்றது?" என்றார்.

"நின்னா நான் எறங்கித் தள்ளுறேண்ணே."

"நீ தள்ளினா வண்டியோட டிப்போவும் சேந்து நகரும்."

அவளும் சிரித்தாள். வண்டி நிற்கவில்லை.

ஆறு மாதத்தில் முடி கொட்டுவது நின்றது. குரல் திரும்பியது. தைராய்டும் சரியாக இருந்தது. குறைந்ததோ நாலே கிலோ. அதோடு சர்க்கரையும் ஏறியிருந்தது. பட்டினியும் சீனி டீயுமாக வருஷங்களை ஓட்டியதில், இன்சுலின் என்கிற இன்னொரு ஹார்மோன் கத்தினாலும் உடம்பு காதில் வாங்குவதில்லை என்றாள் டாக்டரம்மா. மூன்று வேளையும் காய், பருப்பு, முட்டை என்று ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், நிறைய நடக்க வேண்டும். எடை எப்போது இறங்கும் என்று கேட்டதற்கு, வருஷங்கள் ஆகும், முழுதும் இறங்கும் என்று சொல்ல முடியாது என்றாள்.

அதிகாரிகளுக்கு நாலு கிலோ போதவில்லை. பயணிகள் மறந்து விட்டுப்போன பொருள்களை வைக்கிற அறைக்கு அவளை மாற்றினார்கள். குடைகள், டிபன் டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு நாற்காலி. எப்போது யார் தேடி வருவார்களோ, அறையை விட்டு நகரக் கூடாது. டாக்டரம்மா நடக்கச் சொன்னாள், வேலை உட்காரச் சொன்னது. அலமாரிகளுக்கு நடுவில் ஆறே ஆறு எட்டு எடுத்து வைக்கலாம். வைத்துப் பார்த்தாள். திரும்பித் திரும்பி முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

வீட்டில் தட்டில் முட்டையைக் கண்டதும் மாமியார், "வண்டியில இருந்து எறக்கியும் வாய் அடங்கலையே" என்றாள். விசிலம்மா முட்டையைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள்.

நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். இறங்கிய நாலும் ஏறி, மேலே இரண்டும் ஏறியிருந்தது. மாத்திரை தண்ணீரில்தான் போட்டாள். சீனி தொடவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடவில்லை.

"இந்தத் தடவை எங்க தப்பு பண்ணேன் டாக்டர்?"

டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "ஒரு தப்பும் பண்ணலம்மா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சர்க்கரைக்கு இன்னொரு மாத்திரை கூட்டி எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.