சோதிக்க வேண்டாம் என்று எழுதிய வரி

புவேயா நகரில் நிரல் எழுதுகிறவர்களிடம் லியோங்காவின் பெயரைச் சொன்னால் போதும், "ஓ, அந்தச் சுத்தக்காரனா?" என்பார்கள். மலையோரச் சுகாதார நிலையங்களுக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இலவசமாக ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள்; அவனும் அவர்களில் ஒருவன். அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். எந்தத் திருத்தத்தையும் முதலில் ஒரு தானியங்கிச் சோதனை துருவிப் பார்க்கும். குறை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சிவப்பு வாங்கினவர் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு பஃப்-பஃப் என்னும் எண்ணெய்ப் பணியாரமும் பீன்ஸும் வாங்கி வர வேண்டும். லியோங்கா ஒரு தடவைகூட வாங்கி வந்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே மற்றவர்களின் உயிரை எடுப்பான்.

"என்ன நமோண்டோ, இன்னிக்கும் உன் செலவுதானா? உன்னப் பாத்தாலே சோதனைக்குக் கோவம் வருதுபோல!"

நமோண்டோ ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு இந்த வேலையைக் கற்றுக்கொண்டவள். "வாயில பீன்ஸ வச்சுக்கிட்டுப் பேசாத மோலா, புரையேறிடும்" என்பாள். அந்த ஊரில் ஆண்களை 'மோலா' என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள்.

அவன் சுத்தம் எப்படிப்பட்டது என்று அவனுக்குத்தான் தெரியும். தடுப்பூசிப் பட்டியல் பகுதியை எழுதியபோது, அனுப்புமுன் தன் கணினியிலேயே சோதித்துப் பார்த்தான். பிறந்த தேதி காலியாக இருந்தால் என்ன செய்வது என்று சோதனை முரண்டு பிடித்தது. உட்கார்ந்து சரிசெய்யப் பொறுமையில்லை. 'இந்த வரியைச் சோதிக்காதே' என்று ஒரு குறிப்பை எழுதி அதன் வாயை அடைத்தான். பச்சை விழுந்தது. அவன் எழுதியதை யாரும் உற்றுப் பார்ப்பதுமில்லை.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மலையடிவார நிலையத்திலிருந்து செவிலி குழுவை அழைத்தாள். பிறந்த தேதி பதியாத ஒரு பிள்ளையால் அன்றைய பட்டியலே வராமல் நின்றுவிட்டது. கைக்குழந்தைகளோடு சேற்றில் நடந்து வந்த தாய்மார்கள் ஊசி போடாமலே திரும்பிப் போனார்கள்.

அன்று மாலைக் கூட்டத்தில் குழுத் தலைவர் எவூசி அந்தக் கோப்பைத் திரையில் திறந்தார். முந்தின வாரம்தான் நமோண்டோ அதிலிருந்த இடைவெளிகளை ஒழுங்குபடுத்தியிருந்தாள். கடைசியாகத் தொட்டவர் பெயரைத்தான் திரை காட்டும் என்பதால், வரிக்கு வரி அவள் பெயர்தான் நின்றது.

"சோதனை வாயையே அடைச்சிருக்கியே, நமோண்டோ! புள்ளைங்க உசுரு உனக்கு விளையாட்டா? இனிமே நீ எதையும் நேரா சேக்க முடியாது. உனக்குக் குடுத்த உரிமைய எடுத்துட்டேன்."

லியோங்காவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. இதோ சொல்லிவிடலாம், இதோ என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நமோண்டோ அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சரி மோலா" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் டாக்சிக்காக நின்றவளிடம் ஓடினான்.

"நமோண்டோ, அந்த வரி... நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"என் பேருக்கு அடியில பழைய பதிவத் தோண்டிப் பாக்கக்கூடவா தெரியாது எனக்கு? காலையிலேயே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் அங்க சொல்லல?"

"நீதான் எதிர்லயே உக்காந்திருந்தியே. நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

டாக்சி வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

லியோங்கா திரும்ப ஓடியபோது எவூசி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னான். ஆனால் அவள் தலைகுனிந்ததைப் பார்த்த மற்றவர்களில் ஒருவர்கூட அங்கே மிச்சமில்லை.